வெக்கை எங்களுக்கு ஒண்டும் செய்யாது

இதில இருக்கலாம்தானே, தம்பி? ஆரும் வருகினமோ? மிசிஸோ? உள்ளுக்க ஏசியில இருக்கிறாவோ? சரி, அவ அங்கயே இருக்கட்டும். நீங்கள் கப்பலில ஏறேக்கயே நான் கண்டிட்டன், இந்த முகம் எங்கட முகம்தான் எண்டு. பேந்து அந்தத் தொப்பியைக் கண்டோண்ண எனக்கொரு சந்தேகம் வந்திட்டுது. கோவியாதேங்கோ. எங்கட ஆக்கள் உப்பிடித் தொப்பி போடமாட்டினம். கழுத்துக்குப் பின்னால துணி தொங்குது, மூக்கில வெள்ளையாக் கிறீம். அப்பா அம்மா எந்த ஊர்? சாவகச்சேரியோ! நல்ல கதை. சாவகச்சேரியான்ர பெடியன் வெய்யிலுக்குக் கிறீம் பூசுறான்.

பகிடிக்குத்தான் சொன்னனான். லண்டனில பிறந்த பிள்ளையள், நீங்கள் என்ன செய்யிறது. தோல் மட்டும்தான் எங்கட தோல், உள்ளுக்க இருக்கிறது வெள்ளைக்காரன். நீங்கள் மட்டுமில்லை, இஞ்ச வாற எல்லாரும் உப்பிடித்தான். கடலைப் பார்க்கவெண்டு அவ்வளவு தூரம் பிளேனில வருகினம், வந்து வெய்யில் சுடுது எண்டுகினம். வெய்யில் சுடாமல் பின்ன என்ன செய்யும்?

நான் அரியரத்தினம். சொந்த ஊர் புங்குடுதீவு. இத்தாலிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல. இவைக்கு என்ர பேர் வாயில வராது, 'ஆரி' எண்டுதான் கூப்பிடுவினம். நீங்கள் இப்ப நிண்டிட்டு வாறியள்தானே, இந்த சால்வராத் தீவு, அங்க மேல் றோட்டில மஞ்சள் நிறத்தில ஒரு பழைய ஹொட்டல் கண்டிருப்பியள். எங்கட முதலாளியம்மா சிஞ்ஞோரா அசுந்தாவின்ர ஹொட்டல். அதில எல்லாம் நான்தான். பேருக்கு நான் வேலைக்காரன், ஆனால் குழாய் உடைஞ்சாலும் ஆரி, பெட்டி தூக்கவும் ஆரி, வாற சனத்துக்குச் சிரிச்சு வணக்கம் சொல்லவும் ஆரி. மனுசி மேல லவண்டேரியாவில, அதுதான் உடுப்பு விரிப்பெல்லாம் தோய்ச்சு அயன் பண்ணுற இடத்தில.

இப்ப அவளைக் கூட்டியரத்தான் போறன். பலெர்மோவில மகள் நிருஜா வீட்டில நிக்கிறாள். நாளைக்கு இதே கப்பலில இரண்டு பேருமாத் திரும்புவம். ஒக்டோபரில ஹொட்டல் திறக்குது. சிஞ்ஞோரா கறாராச் சொல்லிப்போட்டா, இந்த வேலை புருசன் பெண்சாதிக்கு, தந்திருக்கிற அறையும் புருசன் பெண்சாதிக்கு, கனகா வந்தால் நீயும் இரு, வராட்டில் நான் வேற சோடி பார்ப்பன் எண்டு. என்ர மனுசி கனகாம்பிகையைத்தான் கனகா எண்டுறவ. பாருங்கோ, எல்லாம் செய்யிறது நான், என்ர வேலை அவளின்ர கையில! அவள் வரேல்லையெண்டால் இந்த வயசில எனக்கு ஆர் வேலை தரப்போறான்? ஆனால் வருவாள். வராமல் எங்க போறது?

ஏன் அங்க போய் நிக்கிறாள் எண்டு கேக்கிறியளோ? சின்ன விசயம், தம்பி. ஒரு தலைச்சுத்து. இவை அதைப் பெரிசாக்கிப் போட்டினம்.

போன ஜூலையில நீங்கள் இஞ்ச வந்திருக்க வேணும், சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்திருக்கும். ஆபிரிக்காப் பக்கமிருந்து ஒரு காத்து வரும், ஷிரோக்கோ எண்டுவினம். எல்லா வருசமும் வாறதுதான், வரும், போகும். இந்த முறை வந்த காத்துக்குப் போக மனமில்லை. அதுக்குப் போய் ரீவிக்காரியள் குழறின குழறல்! இத்தாலிப் படத்தைக் காட்டி, முழுக்கச் சிவப்பு. எங்கட தீவு அந்தப் படத்தில ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குக் கருஞ்சிவப்பு. சனம் காலமை எழும்பி ஜன்னலைத் திறந்து பார்க்கிறதில்லை, போனில படத்தைத்தான் பார்க்கிறது. படம் சிவப்பெண்டால் இவைக்கு உடம்பு சுடும்.

டென்மார்க்கிலயிருந்து ஒரு குடும்பம், வந்து அடுத்த நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டினம். ஏனாம்? பிள்ளை அழுகுதாம். பிள்ளையெண்டால் அழும்தானே! ஒரு பிரெஞ்சுக்காரி படியில இருந்துகொண்டு மயங்கிப் போனாள். நான் தண்ணி தெளிச்சு எழுப்பினன். எழும்பி என்னைப் பார்த்துக் கேக்கிறாள், உனக்கு வெக்கை இல்லையோ எண்டு. நான் சொன்னன், "மேடம், நான் பிறந்தது வெய்யிலுக்க. இது எங்களுக்கு வசந்த காலம்." அவள் என்னை ஒரு சாமியாரைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக் கிடந்துது, ஏன் பொய் சொல்லுவான். முப்பது வருசமா இவையின்ர குளிருக்க நடுங்கித் திரிஞ்சனாங்கள். இப்பதான் எங்கட முறை வந்திருக்கு எண்டு நினைச்சன்.

ஹம்பூர்க்கில ஒரு கிழவன், அவன்ர கிழவி. நான் வேலைக்கு வந்த காலம் தொட்டு எல்லா ஜூலையும் அதே அறைக்குத்தான் வாறவை. கனகம் அயன் பண்ணின விரிப்பில படுத்தால்தான் நித்திரை வருமெண்டு கிழவி சொல்லுவாள். இந்த முறை அவையும் வரேல்லை. நோர்வேக்குப் போகினமாம், குளிருற கடற்கரைக்கு. அங்க என்ன கிடக்கு? கல்லும் மழையும். காசைக் குடுத்து நனையப் போகுதுகள்.

கடலும் பழுதாப் போச்சுதாம். தண்ணி சூடேறி, சொறிமீன் கூட்டம் கூட்டமா வந்து கரையெல்லாம் மிதக்குது. காலில பட்டால் எரியும், உண்மைதான். அதுக்கு ஒரு பொம்பிளை ஹெலிகொப்டர் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். ஒரு சொறிக்கு ஹெலிகொப்டர்! தீவில தண்ணியும் இல்லை. எங்களுக்குக் குடிதண்ணி கப்பலிலதான் வாறது, அது பிந்திப் பிந்தி வந்துது. அங்காலத் தீவுகளிலயும் எல்லாம் வறண்டு போச்சாம், கப்பல் எங்கயெண்டு போறது. இவை எண்டால் ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம் குளிக்கினம். வெக்கையெண்டு குளிக்கிறது, குளிச்சு முடியத் தண்ணி இல்லையெண்டு கீழ வந்து கத்துறது. கடைசியில சிஞ்ஞோரா நீச்சல் தடாகத்தையும் இறைச்சு விட்டிட்டா. அவவின்ர மகன் லூக்கா, மிலானோவில படிச்சிட்டு வந்து நிக்கிற பெடியன், காஞ்ச தடாகத்துக்க பாயை விரிச்சு யோகா வகுப்பு வைச்சான். நான் மேல நிண்டு பார்த்தன். வெறுந் தொட்டிக்க கிடந்து கையைக் காலை நீட்டுதுகள், காசு குடுத்து. சிரிக்காமல் என்ன செய்ய!

சிரிச்சனீங்கள், பாருங்கோ. உங்களுக்கும் சிரிப்பு வருகுது.

அந்தக் கிழமைதான் சிஞ்ஞோரா எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டா. மத்தியானத்திலயிருந்து பின்னேரம் நாலு மணி மட்டும் ஒருத்தரும் வெளியில வேலை செய்யக்கூடாது. மேல லவண்டேரியாவுக்கும் ஏறக்கூடாது. அது தகரக் கூரை, உள்ளுக்க தோய்க்கிற மிசினும் காய வைக்கிற மிசினும் ஓடிக்கொண்டிருக்கும், சின்னதா ஒரு ஜன்னல். விரிப்பை எல்லாம் அயன் பண்ணாமலே போடலாம், இந்த நேரத்தில ஆர் சுருக்கம் பார்க்கினம் எண்டும் சொன்னா. எங்களோட வேலை செய்யிற சிசிலிக்காரர் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டு சிரிச்சவை. மத்தியானம் படுக்கக் கிடைச்சால் அவைக்கு வேற என்ன வேணும், சோம்பேறியள்!

எனக்குச் சுருக்கெண்டுது, தம்பி. நான் எழும்பிச் சொன்னன், "சிஞ்ஞோரா, இந்தச் சட்டம் உங்கட ஆக்களுக்குப் போடுங்கோ. நாங்கள் சூடான நாட்டுச் சனம். வெக்கை எங்களுக்கு ஒண்டும் செய்யாது. என்ர மனுசி அயன் பண்ணுவா. உங்கட ஹொட்டலில சுருங்கின விரிப்பு விரிச்சதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தினம். சிஞ்ஞோரா கனகத்தைப் பார்த்து, உனக்குச் சரியோ எண்டு கேட்டா. கனகம் எனக்குப் பக்கத்தில ஈரத் துவாயைத் தலையில போட்டுக்கொண்டு நிண்டவள். அவளுக்கு இத்தாலியன் அவ்வளவு வராது. எங்க போனாலும் நான்தான் கதைக்கிறது, டொக்டரிட்டையும் நான்தான், வங்கியிலயும் நான்தான். அதால நானே ஓம் எண்டு சொன்னன். அவள் ஒண்டும் சொல்லேல்லை. மறுப்பு இருந்தால் சொல்லியிருப்பாள்தானே? வாய் இருக்குத்தானே?

அதே நாள் சிஞ்ஞோரா இன்னொண்டும் சொன்னவ. எங்கட அறையும் கூரைக்குக் கீழதான், லவண்டேரியாவுக்குப் பக்கத்துச் சுவர். கீழ விருந்தாளியள் விட்டிட்டுப் போன அறையள் சும்மா கிடக்கு, ஏசியும் கிடக்கு, வெக்கை தணியுமட்டும் அதில போய்ப் படுங்கோ எண்டா. நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். விருந்தாளியின்ர கட்டிலில படுக்கிற ஆக்கள் இல்லை நாங்கள். எங்களுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கு. மேல அறைக்கு வந்தாப் பிறகு கனகம் கேட்டாள், "நீங்கள் ஏன் எனக்காண்டி எல்லாத்துக்கும் ஓம் எண்டும் வேண்டாமெண்டும் சொல்லுறியள்?" எண்டு. பாருங்கோவன், உதவி செய்தவனிட்டைக் கேக்கிற கேள்வியை!

பேந்து ஒரு கலியாணக் கூட்டம் வந்துது. றோமிலயிருந்து. அவ்வளவு வெக்கைக்க கலியாணம் செய்ய வந்திருக்குதுகள், மாப்பிளை கோட்டுப் போட்டுக்கொண்டு பன்றி மாதிரி வேர்க்கிறான். இருக்கிற எல்லா அறையும் அவைக்கு, எல்லாக் கட்டிலுக்கும் புது விரிப்பு. ஆடிச் செவ்வாய் அண்டைக்கு. கனகம் ஆடிச் செவ்வாய் எண்டால் விரதம், காலமை ஒண்டும் வாயில வையாள். நான் சொன்னனான், மத்தியானத்துக்கு முதல் முடிச்சிட்டு வந்து சாப்பிடும் எண்டு. முடியேல்லை. முடியாட்டில் கெதியாச் செய்ய வேணும், அதுக்கு நான் என்ன செய்ய?

நான் கீழ றிசெப்சனில நிண்டனான். ஓம், அங்க ஏசி இருக்கு. எனக்கு ஏசி வேணுமெண்டு நிக்கேல்லை, தம்பி, சிரியாதேங்கோ. போன் அடிச்சால் ஆரும் எடுக்க வேணுமே. சிசிலிக்காரர் எல்லாம் சட்டப்படி படுத்துக் கிடக்கினம். பொறுப்புள்ள ஆள் ஒருத்தன் கீழ நிக்கத்தானே வேணும்.

போன் ஒண்டும் அடிக்கேல்லை, அது வேற கதை.

ஒருக்கா அவள் படியால இறங்கி வந்தவள். மூஞ்சை சிவந்து, சட்டை உடம்போட ஒட்டி. தலையிடிக்குது, வேர்வையும் நிண்டுபோச்சு, கொஞ்சம் இதில இருக்கட்டோ எண்டு கேட்டாள். அந்த நேரம் பார்த்து மாப்பிளையின்ர தாய்க்காரி கதவைத் திறந்துகொண்டு உள்ளுக்க வாறாள். றிசெப்சனில வேலைக்காரி ஈரச் சட்டையோட இருந்தால் என்ன மாதிரி இருக்கும்? சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சம்தானே, முடிச்சிட்டு வாரும் எண்டு சொன்னன். வேர்வை நிண்டால் நல்லதுதானே எண்டு நான் நினைச்சன். போயிட்டாள். நான் ஏசேல்லை. மெதுவாத்தான் சொன்னனான்.

கொஞ்சத்தால பார்த்தால் லூக்கா அவளைத் தூக்கிக்கொண்டு படியால ஓடி வாறான். அவன் ஏன் மேல போனவனெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒரு வாலிபப் பெடியன், இன்னொருத்தன்ர மனுசியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு, அந்தக் கலியாணச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிக்குது. எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. அவன் நேரா அவளை மீன் வைக்கிற குளிரறைக்குள்ள கொண்டுபோய்க் கிடத்தி, மீனுக்குப் போடுற ஐசை அள்ளிக் கழுத்திலயும் கக்கத்திலயும் வைச்சான். செவ்வாய் விரதக்காரி! மீன் ஐஸ்! நான் வேண்டாமெண்டு கத்தினன். அவன் என்னைத் தள்ளி விட்டிட்டான். தம்பி, ஒரு நாளும் ஒருத்தரும் என்னைத் தள்ளினதில்லை.

கனகம் கண்ணைத் திறந்து என்னவோ புலம்பினாள், தமிழுமில்லை இத்தாலியனுமில்லை. கை கால் எல்லாம் இழுத்துது. நான் பயந்திட்டன். ஓம், சொல்லுறன், நான் சரியாப் பயந்திட்டன். அவளின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்தன், என்ன செய்யிறதெண்டு தெரியாமல். பேந்து ஹெலிகொப்டர் வந்துது. இந்த முறை சொறிக்கில்லை.

பலெர்மோ ஆசுப்பத்திரியில ஒரு டொக்டர்ப் பிள்ளை, மகளின்ர வயசுதான் இருக்கும். வெக்கை அடிச்சதாம், காய்ச்சல் பார்க்கிற கம்பிக்கே எட்டாத அளவுக்கு உடம்பு சுட்டிருக்காம், சிறுநீரகம் இரண்டும் தாக்குப்பட்டுப் போச்சாம். நான் சொன்னன், பிள்ளை, பிழையாப் பார்த்திட்டீர், நாங்கள் சூடான நாட்டுச் சனம், அவ விரதம், வெறும் வயிறு, அதுதான் தலை சுத்தினது எண்டு. அவ என்னை நல்ல வடிவாப் பார்த்திட்டுக் கேட்டா, "நீங்களும் அந்த அறைக்குள்ளதான் வேலை செய்தனீங்களோ?" எண்டு. இதெல்லாம் ஒரு டொக்டர் கேக்கிற கேள்வியோ? வைத்தியத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

படிச்சதுகள் எல்லாம் உப்பிடித்தான், எதைக் கேக்க வேணுமோ அதைக் கேளாதுகள்.

ஓகஸ்டில ஹொட்டலையும் பூட்டிப் போட்டினம். காட்டில நெருப்புப் பிடிச்சு, மலைப் பக்கம் முழுக்கப் புகை. இருந்த கொஞ்சச் சனமும் ஓடிப்போச்சு. ஓகஸ்டில பூட்டின ஹொட்டலைக் கண்டிருக்கிறியளோ? கடல் கிடக்கு, வெய்யில் கிடக்கு, வாசலில பூட்டுத் தொங்குது. லூக்கா தாயோட இருந்து புதுத் திட்டம் ஒண்டு போட்டிட்டான். இனி ஜூலையும் ஓகஸ்டும் பூட்டு. ஒக்டோபரில திறந்து மே மட்டும் நடத்துறது. தலைகீழா! குளிர்காலத்தில ஆர் தீவுக்கு வருவினம் எண்டு நான் கேட்டன். அலை கப்பலையே வரவிடாது சில நாள். அவன் சிரிச்சுப்போட்டு, அறையள் எல்லாம் ஆக்கள் பிடிச்சு முடிஞ்சுது ஆரி, உன்ர ஹம்பூர்க் ஆக்களும் நவம்பரில வருகினம் எண்டான். பாருங்கோ இந்தக் கிழடுகளை. கடலில இறங்கமாட்டுதுகள், சும்மா கடற்கரை வாங்கில குந்தியிருந்து பார்க்க வருகுதுகள். கடல் பார்க்கிறதுக்கு ஒரு ஹொட்டலோ?

நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு விளங்கும். வெய்யிலில பிழை இல்லை. சனம் பழுதாப் போச்சு, அதுதான் விசயம். உலகம் சூடேறுது எண்டு எல்லாரும் ஒப்பாரி. ஏறட்டுமே. ஏறினால் எங்களை மாதிரி ஆக்கள்தான் நிண்டு பிடிப்பம் எண்டு நான் மகளுக்கும் சொன்னனான். அவள் போனை வைச்சிட்டாள். அவளும் இஞ்ச பிறந்ததுதானே, உங்களை மாதிரி.

கனகம் இப்ப சுகம். நல்ல சுகம். மருந்து போடுறாள், உப்பு இல்லாமல் சாப்பிடுறாள், கிழமைக்கு ஒருக்கா ஆசுப்பத்திரிக்குப் போய் வாறாள், அவ்வளவுதான். நான் போனில சொன்னன், லவண்டேரியாவைக் கீழ இறக்கிப் போட்டினம், இரண்டு ஜன்னல், இனிக் குளிர்காலம், ஒரு பயமும் இல்லை, வாரும் எண்டு. கேட்டுக்கொண்டு இருந்தவள். மாட்டன் எண்டு சொல்லேல்லை. நான்தான் சொன்னனே, மறுப்பெண்டால் வாய் இருக்கெண்டு. அதால சிஞ்ஞோராவிட்டை வருவா எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்க சிஞ்ஞோரா முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு நிண்டவ. அவவுக்கும் ஏதோ யோசினை. வயசு போனால் அப்பிடித்தான்.

என்ன, மிசிஸுக்குத் தண்ணிப் போத்தல் கொண்டு போகப் போறியளோ? இப்பதானே ஒருக்காக் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்! இருங்கோ, அவவுக்கு ஒண்டும் நடவாது. ஏசியில இருக்கிற ஆளுக்கு என்ன தாகம்? உப்பிடிப் பழக்கினால் பேந்து நீங்கள்தான் கஷ்டப்படுவியள்.

பொறுங்கோ, பொறுங்கோ, போன் அடிக்குது. ஆர் எண்டு பாருங்கோ, இந்தப் பேரை வாசியுங்கோ. கனகம். நான் என்ன சொன்னனான்? கப்பல் எத்தினை மணிக்கு வருமெண்டு கேக்கப்போறாள். துறைமுகத்துக்கே பெட்டியோட வந்து நிப்பாள். லவுட்ஸ்பீக்கரில போடுறன், நீங்களே கேளுங்கோ. இந்தக் காலத்துப் பெட்டையள் கதைக்கிற மாதிரி இல்லை, எவ்வளவு அடக்கமாக் கதைப்பாள் எண்டு கேளுங்கோ.

ஓம், சொல்லும்! கப்பல் கிட்ட வந்திட்டுது, மலை தெரியுது. பெட்டி அடுக்கியாச்சோ? என்ன? சத்தமாச் சொல்லும், காத்து இரையுது. என்ன? ஆரோட கதைச்சனீர்? எப்ப? இஞ்ச பாரும், பக்கத்தில ஆக்கள் இருக்கினம், லண்டனிலயிருந்து வந்த ஒரு தம்பி. பேந்து கதைப்பம். கனகம்? இஞ்ச... கேளும்...

வைச்சிட்டாள்.

கேட்டனீங்கள்தானே? நீங்களும் கேட்டனீங்கள். என்னை என்னெண்டு கூப்பிட்டவள் எண்டு கேட்டனீங்களோ? அரியரத்தினம் எண்டு. என்ர பேரை! கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்ர பேர் அவளின்ர வாயில வந்ததில்லை, தம்பி. வீட்டுக்கு ஆரும் வந்து புருசன்ர பேர் என்ன எண்டு கேட்டால்கூடப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல விடுவாள். கோயிலில அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டால் மகள்தான் சொல்லுறது. எங்கட பொம்பிளையள் சொல்லமாட்டினம், உங்கட அம்மாவும் சொல்லியிருக்கமாட்டா. "அரியரத்தினம், நான் வரேல்லை. சிஞ்ஞோராவோட நேற்றே நான் கதைச்சிட்டன், இத்தாலியனில, நானே கதைச்சிட்டன். நீர் வாறதெண்டால் வந்து பேரப்பிள்ளையைப் பார்த்திட்டுப் போம்." வந்து போற விருந்தாளிக்குச் சொல்லுறமாதிரி. நீங்கள் எண்டு கூப்பிட்ட வாயால நீர் எண்டு!

வெக்கை அவளின்ர மூளையையும் தாக்கிப்போட்டுது போல. அந்த டொக்டர்ப் பிள்ளை சிறுநீரகத்தை மட்டும்தான் சொன்னது. இதை ஆரிட்டயும் காட்ட வேணும்.

ஆனால் குரலைக் கேட்டனீங்கள்தானே, பதறேல்லை. நடுங்கேல்லை. இவ்வளவு தெளிவா அவள் கதைச்சு நான் ஒரு நாளும் கேக்கேல்லை. அவளுக்கு இத்தாலியன் எப்ப வந்தது? ஆர் பழக்கினது? நேற்றே சிஞ்ஞோராவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் காலமை என்னைக் கப்பலேற விட்டிருக்கிறா.

எனக்குப் பயமாக் கிடக்கு, தம்பி. அங்க போனால் அவள் கதவைத் திறப்பாள், அது தெரியும். திறந்து என்னோட அப்பிடித்தான் கதைக்கப்போறாள், மகளுக்கும் பேரனுக்கும் முன்னால, அந்தப் பேரைச் சொல்லி. நான் அதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?

இந்தக் கப்பல் முழுக்க இத்தாலியனும் ஜேர்மன்காரனும். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள், நான் தேடிப் பிடிச்சு உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்திருக்கிறன்.

கயிறு போடுறாங்கள். போங்கோ, மிசிஸ் எழும்பி உங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. நீங்கள் முதல் இறங்குங்கோ. சனம் எல்லாம் இறங்கட்டும், நான் கொஞ்சம் இதில இருந்திட்டு வாறன்.